வளைவில் பாதி நமக்கு, பாதி பிறர்க்கு!



தோட்டத்துச் சடக்கில் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டால் இரண்டு தீர்ப்புகள் உடனே எழுதப்பட்டு விடுகின்றன. ஆபீசில் எழுதப்படும் தீர்ப்பு: "மோட்டார் சைக்கிள்காரனின் கவனக் குறைவு." லயத்தில் எழுதப்படும் தீர்ப்பு: "லோரிக்காரனின் அக்கிரமம்." இந்த இரு தீர்ப்புகளையும் எழுதியவர்களில் ஒருவராவது அந்த வளைவில் போய் நின்று பார்த்தாரா என்று கேட்டால், பதில் இல்லை. விழுந்தவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அடுத்த நாள் காலைப் பிரட்டு முடிந்ததும் அதே வளைவில் அதே வேகத்தில் மற்ற நாற்பது பேர் போகிறார்கள்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் நாம் மறுக்கிறோம். மறுப்பது மட்டுமல்ல, இரண்டு பக்கத்தாருக்கும் கசக்கும்படியான சில உண்மைகளை இங்கே சொல்லப் போகிறோம். நிர்வாகத்துக்கு எதிராக எழுத வேண்டிய ஏட்டில் தொழிலாளியின் குற்றத்தையும் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லாதவன் பக்கத்து வீட்டு ஓட்டையைப் பற்றிப் பேச அருகதை அற்றவன்.

இந்த நாட்டில் சாலை விபத்துகளில் 2016-ஆம் ஆண்டில் மாண்டவர்கள் 7,152 பேர். 2019-இல் 6,167 பேர். இவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கார் வைத்திருப்பவனுக்கு இது ஒரு புள்ளிக் கணக்கு. நமக்கோ இது நம் பிள்ளைகளின் கணக்கு. ஏனென்றால், நிரைக்குப் போவதும், பாலை ஸ்டோருக்குக் கொண்டு வருவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மாதச் சாமான் வாங்கப் பட்டணம் போவதும் எல்லாமே இந்த இரண்டு சக்கரத்தில்தான். நம் தாத்தாமார் காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு நடந்தார்கள். நாம் அதே பாலை மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் டின்னில் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். சுமை மாறவில்லை, வேகம்தான் மாறியிருக்கிறது.

நடந்தது என்ன?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். மழை விட்ட ஒரு முற்பகல், பதினொரு மணி. பால் வெட்டும் தோழர் ஒருவர் இரண்டு டின் பாலோடு நிரையிலிருந்து ஸ்டோருக்கு வருகிறார். ஓடையைத் தாண்டியதும் சடக்கு வலப்பக்கம் திரும்புகிறது. உள்பக்கத்தில் ஆள் மார்பளவுக்குப் புல். எதிரே குத்தகைக்காரனின் லோரி. மோதல். தோழருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆபீசில், "சொந்தக் கவனக் குறைவு" என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். லயத்தில் லோரிக்காரனை அடிக்கக் கம்பு எடுத்தார்கள். கமிட்டிக்காரன் என்ற முறையில் நான் ஓர் அளவு நாடாவோடு அந்த இடத்துக்குப் போனேன். செம்மண் ஈரமாக இருந்ததால் டயர்த் தடம் எழுதி வைத்தாற்போல் தெரிந்தது.

அளந்து பார்த்தேன். சடக்கின் அகலம் 5 மீட்டர். அப்படியானால் ஆளுக்குப் பாதி இரண்டரை மீட்டர். தோழரின் டயர்த் தடம் நடுவைத் தாண்டி வலப்புறம் ஓரடி இருந்தது. லோரியின் தடம் அதன் பாதியில் இருந்தது.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், தோழர்களே: நம் ஆள் எதிராளியின் பாதியில் இருந்தார். இருபது ஆண்டுகளாக அதே வளைவில் அதே ஓரடியை நானும் திருடியிருக்கிறேன். எனக்கு லோரி வரவில்லை, அவருக்கு வந்தது. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

குறுக்கு விழுவோர் சொல்லும் மூன்று நியாயங்கள்

வலப்பக்க வளைவில் குறுக்கு விழுந்து போகிறவர்களைக் கேட்டால் மூன்று நியாயங்கள் சொல்வார்கள்.

முதல் நியாயம்: "சடக்கு காலியாகத்தானே இருந்தது!" காலியாக இருந்தது என்பதை எப்போது அறிந்தாய்? வளைவைக் கடந்த பிறகுதானே? கடக்கும் முன்னால் உன் கண்ணுக்குத் தெரிந்தது புல்லும் கித்தா மரமும்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் காலியான இடம் என்று சொல்லுகிறவன் தன் உயிரைச் சூதாட்டத்தில் வைக்கிறான். சூதாட்டத்தில் தொண்ணூற்றொன்பது முறை வென்றவனும் நூறாவது முறை தோற்பான். இந்த ஆட்டத்தில் நூற்றொன்றாவது முறை கிடையாது.

இரண்டாம் நியாயம், இளைஞர்களுடையது: "பந்தயக்காரர்கள் அப்படித்தானே வளைகிறார்கள்!" ஆம், வளைகிறார்கள். வெளி ஓரத்தில் வந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகிறார்கள். வளைவு அதனால் விரிந்து வேகம் குறையாமல் போக முடிகிறது. ஆனால் தம்பி, சிப்பாங்கில் 1999-ஆம் ஆண்டு முதல் நடக்கும் அந்தப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே திசையில்தான் ஓடுகிறார்கள். எதிரே மணல் லோரி வருவதில்லை. பாதையின் முழு அகலமும் அவர்களுக்குச் சொந்தம். விழுந்தால் உருள்வதற்குப் பக்கத்தில் திறந்த வெளி இருக்கிறது, ஓடி வர மருத்துவர் இருக்கிறார். உனக்கு இருப்பது பாதிச் சடக்கும் பக்கத்தில் ஒரு கால்வாயும். அவர்கள் பாதையை நீ பிடிக்க வேண்டுமானால் உன் பாதிக்குள்ளேயே பிடி. அதற்கு மேல் ஓர் அங்குலமும் உனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் நியாயம்: "இடப்பக்கம் குழி, அதனால் நடுவுக்கு வந்தேன்." இந்த நியாயத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதிக்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன். மற்றப் பாதிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். குழியைக் கண்டால் வேகத்தைக் குறை. நடுவைத் தாண்டுவது குழிக்கு மருந்தாகாது.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகப் போக வேண்டும். பெரிய சடக்கில் நடுவே இரட்டை வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது, அதன்மேல் ஏறி முந்தவும் கூடாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சடக்கிலும், சிரம்பானுக்கும் கோலாப்பிலாவுக்கும் இடையே உள்ள பழைய புக்கிட் புத்துஸ் வளைவுகளிலும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பாருங்கள். கோடு போட்டவன் முட்டாள் என்பதுபோல் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள்! 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதையும், 43-ஆம் பிரிவு கவனமின்றி ஓட்டுவதையும் குற்றமாக்குகின்றன. பிறர் உயிர் போனால் 41-ஆம் பிரிவு காத்திருக்கிறது. அது சிறைக்கு அனுப்பும் பிரிவு.

"ஓரமாகப் போ!" என்பாருக்கு

இனி மறுபக்கத்துக்கு வருவோம். கிராணிமார்களும், லோரிக்காரர்களும், கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களும் நமக்கு ஓயாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "மோட்டார் சைக்கிள்காரன் ஓரமாகப் போக வேண்டும்." ஓரம் என்று அவர்கள் சொல்வது எது? கால்வாய்க் கரை. அங்கே என்ன இருக்கிறது? மழையில் அடித்து வந்த மணல், உருண்டைக் கல், உதிர்ந்த இலை, செம்பனைக் குலையிலிருந்து சிதறிய பழம், அறுந்து கிடக்கும் தார் விளிம்பு. நேர்ச்சடக்கிலேயே அது நல்ல இடமில்லை. சக்கரம் சாய்ந்து போகும் வளைவில் அது சறுக்கு மரம்.

அதோடு முடியவில்லை. நீ கால்வாய் ஓரத்தில் ஒதுங்கினால், பின்னால் வருகிற லோரிக்காரன் "இடம் விட்டான்" என்று எண்ணி வளைவிலேயே முந்தப் பார்க்கிறான். எதிரே ஒரு வண்டி வந்தால் அவன் ஒதுங்குவது உன்மேல்தான். இடப்பக்கமாகப் போ என்றால் உன் பாதிக்குள் போ என்று பொருள். கால்வாயில் போ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நமக்கும் அந்தப் பாதியில் முழு உரிமை உண்டு.

ஆகவே நாம் சொல்வது இது. உன் பாதியை மனத்தில் மூன்று கீற்றாகப் பிரித்துக்கொள். இடது கீற்று மணலுக்கும் கல்லுக்கும் உரியது. வலது கீற்று எதிரே வரும் லோரியின் பக்கக் கண்ணாடிக்கு அருகில் உள்ளது. நடுக் கீற்றுதான் உன் வீடு. வீட்டை விட்டுக் காரணமில்லாமல் வெளியே போகாதே.

வலப்பக்க வளைவில் நடுக் கீற்றிலிருந்து சற்று இடப்பக்கமாக இரு. ஏன்? வலப்பக்கம் திரும்பும்போது உடம்பும் வண்டியும் வலப்பக்கம் சாய்கின்றன. சக்கரம் உன் பாதியிலேயே இருக்கும், ஆனால் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிராளியின் பாதியில் தொங்கும். சக்கரம் கோட்டைத் தாண்டவில்லை என்று நீ பெருமைப்படலாம், லோரியின் முகப்பு உன் தலையைத்தான் தேடி வரும். சற்று இடப்பக்கம் இருந்தால் வளைவுக்கு அப்பாலும் கொஞ்சம் தூரம் முன்கூட்டியே தெரியும்.

இடப்பக்க வளைவில் நடுக் கீற்றின் வலப்பக்கமாக இருந்தால் பார்வை நீளும். ஆனால் கோட்டை ஒட்டிப் போகாதே. அதிக வேகத்தில் நுழைந்தவனை இந்த வளைவு வெளியே, அதாவது எதிரே வருகிறவனின் பாதிக்குள் தள்ளிவிடும். வலப்பக்க வளைவு அதே ஆளைக் கால்வாய்க்குள் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளினாலும் காரணம் ஒன்றுதான்: வேகம்.

வேகத்தின் கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால் வளைவில் டயர் மண்ணைப் பிடிக்க வேண்டிய பலம் நான்கு மடங்கு ஆகிறது. மண்ணோ அதே மண். ஈரமானால் இன்னும் மோசம்.

இன்னொரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடியில் 11 மீட்டர் போகிறான். எதிரே வருகிறவனும் அதே வேகமானால் இருவருக்கும் இடையே உள்ள தூரம் விநாடிக்கு 22 மீட்டர் குறைகிறது. அந்த வளைவில் புல்லைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரிந்த தூரம் 20 மீட்டர்தான். பார்த்தபோது இருவருக்கும் ஒரு விநாடிகூட மிச்சமில்லை. பிரேக்கைத் தொடக்கூட அந்த நேரம் போதாது.

அதே இடத்தில் இருவரும் 20 கிலோமீட்டரில் வந்திருந்தால்? கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க ஒருவருக்கு ஏறத்தாழ 10 மீட்டர் போதும். இருவரும் முகம் பார்த்து நின்றிருப்பார்கள். திட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கால் மிஞ்சியிருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விதியை மறக்க வேண்டாம். கோடு போட்ட அகலமான சடக்கில், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போ. கோடில்லாத ஒடுக்கமான தோட்டச் சடக்கில், தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போ. மற்றப் பாதி எதிரே வருகிறவனுக்கு வேண்டும்.

வேகத்தை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே குறைக்க வேண்டும். சாய்ந்த பிறகு முன் பிரேக்கை அமுக்கியவன் எழுந்த கதை அபூர்வம். கியரை இறக்கிக்கொண்டு நுழை. போக வேண்டிய இடத்தைப் பார், குழியையே பார்த்துக்கொண்டு போனால் வண்டி குழிக்குத்தான் போகும். பால் டின் அரைகுறையாக நிறைந்திருந்தால் பால் குலுங்கி வண்டியை ஆட்டும், டின்னை மூடி இறுக்கிக் கட்டு. இரு பக்கமும் சம எடை இருக்கட்டும். குலை வெட்டும் கம்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு போகாதே. உன் அகலம் கைப்பிடியின் அகலம் அல்ல, கம்பின் நீளம் உன் அகலமாகிவிடும். பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றாதே, அது சட்ட விரோதம்.

1973-ஆம் ஆண்டு விதிகள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கின. அதை விளக்கில் மாட்டி வைப்பதற்காக அல்ல, தலையில் போட்டு வார் பூட்டுவதற்காக! 1992-ஆம் ஆண்டு முதல் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதி வந்தது. மரநிழல் இருண்ட தோட்ட வளைவில் எதிராளிக்கு உன்னை முதலில் காட்டுவது அந்த விளக்குத்தான். பல்பு கருகிப் போய் மூன்று மாதமாக ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பதினாறு வயது நிரம்பாத பிள்ளைக்கு, லைசென்ஸ் இல்லாத பிள்ளைக்கு, "கடைக்குப் போய் வா" என்று சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நிர்வாகம் பதில் சொல்லட்டும்!

நம் குற்றத்தை நாம் ஒப்புக்கொண்டோம். இனி நிர்வாகத்தைக் கேட்கிறோம். ஒப்புக்கொண்டவனுக்குக் கேட்கும் உரிமை இரண்டு மடங்கு.

அந்த வளைவில் மார்பளவு புல் வளர்ந்தது ஒரே இரவிலா? கித்தா மரத்தடியில் ஒரு புல் தலை தூக்கினால் மருந்தடிக்க ஆள் அனுப்பும் நிர்வாகத்துக்கு, மனிதன் போகும் வளைவில் வளர்ந்த புல் கண்ணில் படவில்லையா? விபத்து நடந்த மூன்றாம் நாள் அந்தப் புல் சுத்தமாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். அரை நாள் கூலியை மிச்சம் பிடித்ததற்கு ஒரு தொழிலாளியின் கால் விலையா?

லோரியின் அகலம் இரண்டரை மீட்டர் வரை வரும். அந்தச் சடக்கின் பாதியும் இரண்டரை மீட்டர்தான். நேரான இடத்திலேயே லோரி தன் பாதியை முழுதாக நிரப்பிவிடுகிறது. வளைவில் பின் சக்கரங்கள் முன் சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். பின் சக்கரம் கால்வாயில் இறங்காமல் இருக்க லோரிக்காரன் நடுவுக்கு வந்தே தீர வேண்டும். அதனால்தான் வளைவுகளை மற்ற இடத்தைவிட அகலமாக வெட்ட வேண்டும் என்பது சடக்குப் போடும் எவனுக்கும் தெரிந்த முதல் பாடம். இது நிர்வாகத்துக்குத் தெரியாதா?

லோரி நுழையும் நேரமும் பால் எடுத்து வரும் நேரமும் ஒன்றாக இருப்பது யாருடைய ஏற்பாடு? நிறுவை நேரத்துக்குள் வராவிட்டால் கேள்வி கேட்பது யார்? கால தாமதம் ஆனால் கூலியில் கை வைத்துவிட்டு, "ஏன் வேகமாக வந்தாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"சடக்கு தோட்டத்துக்குச் சொந்தம், எங்கள் விருப்பம்" என்று சொல்லித் தப்ப முடியாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, முதலாளி தன் பொறுப்பில் உள்ள வேலையிடத்தையும், அங்கே வருவதற்கும் போவதற்குமான வழிகளையும் இயன்ற அளவு ஆபத்தில்லாமல் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்கிறது. வழி என்றால் அந்த வளைவும் வழிதான்.

சர்க்கார் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே உள்ள கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை அமைத்தார்கள். 1990-களில் அதை நீட்டினார்கள். அதனால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். தோட்டத்தில் தனிப் பாதை போடச் சொல்லி நாம் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்:

ஒன்று: ஒவ்வொரு வளைவின் உள்பக்கத்திலும் புல்லும் செடியும் மாதந்தோறும் வெட்டப்பட வேண்டும்.

இரண்டு: பார்வை மறையும் வளைவில் குவிந்த கண்ணாடி ஒன்று நட வேண்டும். வளைவுக்கு முன்னால் பலகையும் வேக வரம்பும் வேண்டும்.

மூன்று: வளைவுகளை அகலப்படுத்த வேண்டும். தார்ச் சடக்கானால் நடுவே கோடு போட வேண்டும். மழைக்குப் பின் அடித்து வரும் மணலை அள்ள வேண்டும்.

நான்கு: பால் வரும் நேரத்தில் குத்தகை லோரிகள் உள்ளே ஓடக் கூடாது.

ஐந்து: மழை நாளில் தாமதத்துக்காக எவர் கூலியிலும் கை வைக்கக் கூடாது.

இந்த ஐந்தும் பெரிய துரையின் ஒரு மாதப் பெட்ரோல் செலவைப் போலப் பெரிய செலவுகளா? அகலப்படுத்துவதைத் தவிர மற்றவை மண்வெட்டியும் பெயிண்டும் மனமும் இருந்தால் நடக்கும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

கிராணி நண்பர்களே, நீங்களும் கூலிக்கு வேலை செய்பவர்களே. உங்கள் பேனாவில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்பதை மறவாதீர்கள். "சொந்தக் கவனக் குறைவு" என்று எழுதிவிட்டு சொக்சோ பாரத்தை மேசைக்குள் போடுவது உங்கள் வேலையல்ல. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். சொக்சோ முதலில் கேட்பது யார் குற்றவாளி என்பதை அல்ல, வேலையின் காரணமாக நடந்ததா என்பதைத்தான்.

அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவை எல்லாரும் படிக்க வேண்டும். தங்கும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும், வேலை சம்பந்தமான பயணத்திலும், அனுமதித்த ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழியிலும் நடக்கும் விபத்து வேலை விபத்தாகவே கொள்ளப்படும். ஆனால் வழியை விட்டு விலகி வேறு காரியத்துக்குப் போயிருந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். 2019-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. வங்காளத்துத் தம்பிக்கும் இந்தோனேசியத் தம்பிக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை. அவர்களும் அதே வளைவில்தான் ஓட்டுகிறார்கள்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். மற்ற வண்டியின் இன்சூரன்சிடம் நஷ்டஈடு கேட்கும்போது கோர்ட்டு என்ன பார்க்கிறது தெரியுமா? 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, விழுந்தவனுக்கும் குற்றத்தில் பங்கு இருந்தால் அந்தப் பங்குக்கு நஷ்டஈடு குறையும். தன் பாதியில் இருந்தவனுக்கு அவன் டயர்த் தடமே சாட்சி. எதிராளியின் பாதியில் இருந்தவனுக்கும் அவன் டயர்த் தடமே சாட்சி. எந்த வழக்கறிஞராலும் மண்ணில் பதிந்த தடத்தை நகர்த்தி வைக்க முடியாது. ஓரடியின் விலை ஒரு காலோடு நிற்பதில்லை, பிள்ளைகளின் எதிர்காலம் வரை நீள்கிறது.

முடிவாக

அந்தத் தோழரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். நான் அளந்து வந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, நான் அந்தப் பக்கம் போனது உண்மைதான். அதை எழுதுங்க. புல்லு இருந்ததையும் எழுதுங்க. ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. ஒண்ணை மட்டும் எழுதினா என் காலுக்கு நியாயம் இல்லை."

ரெண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

சொக்சோ பாரம் அவருக்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்து கோரிக்கைகளும் எழுத்து மூலமாக ஆபீசுக்குப் போயிருக்கின்றன. பதில் வராவிட்டால் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவுக்குப் போவோம். நிர்வாகம் தன் பங்கைச் செய்ய நாம் போராடுவோம், விட மாட்டோம். ஆனால் நம் பங்கைச் செய்ய எந்த நிர்வாகத்தின் கையெழுத்தும் நமக்குத் தேவையில்லை, எந்தப் பேச்சுவார்த்தையும் தேவையில்லை. நாளைக் காலைப் பிரட்டு முடிந்து வண்டியை மிதிக்கும்போதே அதைத் தொடங்கலாம்.

வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பாதியில் தலைநிமிர்ந்து போங்கள், கால்வாய்க்கு ஒதுங்காதீர்கள். எதிரே வருகிறவனின் பாதியில் ஓர் அங்குலமும் எடுக்காதீர்கள். அங்கே வருகிறவனும் யாரோ ஒருத்தியின் கணவன், யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன், பெரும்பாலும் நம் லயத்து ஆள்.

நம் பாதியை விட்டுக் கொடோம்! பிறர் பாதியைத் தொடோம்!